தணிகாசலத்தின் பெட்டி

தணிகாசலம் பழைய மிக்ஸி மோட்டாரையும் ரைஸ் குக்கர் தட்டையும் வைத்து மரபணு பார்க்கும் பெட்டி செய்து, வீட்டிலேயே உயிரியல் பழகுகிறவர்களுக்கு மலிவாக விற்றுவந்தார். வரன் பார்க்கிறவர்களும் அதை வாங்குவது தெரிந்தபோது, அது அவரவர் பாடு என்று இருந்துவிட்டார்.

அவருடைய மகள் இலக்கியாவைப் பெண் பார்த்துப்போன அம்மாள் மறுவாரம் வந்தாள்.

"பொண்ணு குடிச்ச காபி டம்ளரை எடுத்துட்டுப் போய்ப் பார்த்தோம். பரம்பரைச் சீக்கு இருக்காம். உங்க பெட்டிதாங்க காட்டுச்சு."

தணிகாசலம் கூனிக் குறுகிப்போனார். "அதை நம்பாதீங்கம்மா. சூடு ஒரே சீரா நிக்காது, பாதி நேரம் தப்பாக் காட்டும். எனக்கே தெரியும்."

அப்படியானால் மறுபடி பேசலாம் என்று அம்மாள் முகம் மலர்ந்தாள். இலக்கியா அப்பாவைப் பார்த்தாள்.

"அப்போ இந்தப் பெட்டியை நம்பி வேண்டாம்னு தள்ளின மத்த பொண்ணுங்க கதி என்னப்பா?"

பதிலுக்கு நிற்காமல், அனுப்புவதற்காக அடுக்கியிருந்த பெட்டிகளைத் தாண்டி உள்ளே போனாள்.