பத்தாவது ஊசி

பாலோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் சந்திரமதிக்கு ஏழு மாதமாக இடது தோள் வலித்தது. பால் வாளியை அவள் வலது கையில்தான் தூக்குவாள். புருஷன் சடையன் அவளைக் கடைத்தெருவில் இருந்த, சின்சே என்று எல்லோரும் கூப்பிடும் சீன வைத்தியரிடம் கூட்டிப்போனான்.

சின்சே வாய்விட்டு எண்ணியபடி தோளில் ஒன்பது ஊசிகள் குத்தினார். ஓர் ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். ஒன்பதும் வந்துவிட்டன. தோளை விரலால் தடவிப் பார்த்தவர், இன்னொன்றையும் உருவினார்.

"இது என்னோடது இல்ல," என்றார் மலாயில்.

அது தையல் ஊசி. அதன் காதில் மஞ்சள் நூல் தொங்கியது.

சந்திரமதிக்கு அந்த நூலைத் தெரியும். ஏழு மாதத்துக்கு முன் மகளைப் புதைத்த அன்று, பாதியில் நின்ற மஞ்சள் கவுனை அவசரமாகத் தைத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். மடிப்பில் ஊசி இருந்தது மண் மூடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை எப்போதும் அவள் இடது தோளில்தான் தூங்கும்.

"வலி இருக்கா புள்ள?" என்றான் சடையன்.

"இல்ல. சுத்தமா போயிருச்சு."

அவள் எழுந்திருக்கவில்லை. தோளைச் சின்சே பக்கம் திருப்பினாள்.

"சின்சே, அத மட்டும் இருந்த எடத்துலயே திரும்பக் குத்திடுங்க."