கம்பெனி மூட்டை

"மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு. நாமே அரைச்சுக் கலந்தா மாட்டுத் தீவனம் பாதிச் செலவுல முடிஞ்சிரும்" என்றாள் நிர்மலா. காரிமங்கலம் பக்கத்தில் ஐந்தாவது ஊர் இது. இங்கும் பயிற்சிக்கு ஆள் சேராவிட்டால் அவள் வேலை போய்விடும்.

"என் மாடு கம்பெனித் தீவனம் தவிர எதையும் தொடாதுங்க மேடம்" என்றார் நஞ்சப்பன். "சோதிச்சுப் பாக்கலாமா?"

மாட்டை ஓட்டி வந்தார். அவர் மனைவி ராணியம்மாள் கம்பெனி மூட்டையிலிருந்து ஒரு கூடைத் தீவனம் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் நிர்மலா தன் கலவையை வைத்தாள். மாடு அதை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ராணியம்மாளின் கூடையை நக்கித் துடைத்தது.

"கம்பெனின்னா கம்பெனிதாங்க!" நஞ்சப்பன் மீசையைத் தடவியபடி பால் சொசைட்டிக்குக் கிளம்பினார். கூடியிருந்த பெண்களும் எழுந்தார்கள். நிர்மலா தன் கலவையை அள்ளத் தொடங்கினாள்.

"உக்காருங்கடி" என்றாள் ராணியம்மாள். கணவர் தலை மறையும்வரை காத்திருந்தாள். "மேடம், போன வருஷம் எங்கம்மா வூட்டுக்குப் போனப்ப, கம்பைநல்லூர்ல உங்க பயிற்சிக்கு வந்தேங்க. அப்ப இருந்து நானேதான் கலக்கறேன். மூட்டை மட்டுந்தான் கம்பெனியோடது."

"அப்ப என்னோடதை ஏன் தின்னலை?"

"புதுக் கைங்க. ரெண்டு நாள் மொரண்டு புடிக்கும், அப்புறம் பழகிக்கும். அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

பெண்கள் பெயர் கொடுக்க முண்டியடித்தார்கள். முதலில் வந்தவள் நிர்மலாவின் காதருகே குனிந்தாள்.

"மேடம், பயிற்சியில காலி மூட்டையும் குடுப்பீங்களா?"