மஞ்சள் பூ போட்ட சிலிண்டர்

வெல்டிங் வாயு விற்கும் கிடங்கின் முற்றத்தில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. பொழுதுபோக்குக்கு வெல்டிங் பழகும் பல் டாக்டர், ஆசையாக மஞ்சள் பூ வரைந்திருந்த தன் காலி ஆர்கான் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். "இதையே நிரப்பித் தருவீங்கல்ல?" "இல்லம்மா, காலியைக் குடுத்தா வேற ஒண்ணு தருவோம். இது இனி எந்த ஊரைச் சுத்துமோ!" என்கிறார் கிடங்குக்காரர். அவள் முகம் வாடிப்போகிறது. அவரோ வாயு நிரம்பிய வேறொரு ஆள் உயர சிலிண்டரைச் சற்றே சாய்த்து, உள்ளங்கையால் திருகித் திருகி, பம்பரம்போலச் சுழற்றி வருகிறார், தரையெல்லாம் மணியோசை. அவள் முன்னால் நிமிர்ந்து நிற்கும் அதன் தோளில், தேய்ந்த பெயின்டில், யாரோ வரைந்த ஒரு நீல மீன். விரல் நுனியால் அதைத் தொடுகிறாள். "தூக்கட்டுமா?" என்று கூட வந்திருந்த கணவன் குனிகிறான். "மெதுவாங்க," என்கிறாள், "மீன் தேய்ஞ்சிடப் போகுது."