மற்றவர்

பள்ளிக் குழந்தைகளின் மனநலம்தான் என் நர்சிங் ஆய்வு. கேள்வித்தாள்களைத் திரும்ப வாங்கும்போது, எட்டாம் வகுப்பு மோனிஷா மட்டும் தன் தாளின் நுனியை விடாமல் பிடித்திருந்தாள்.

“மறுபடி எப்ப வருவீங்க சிஸ்டர்?”

“வர்றேன்மா,” என்றேன், தாள்களின் எண்ணிக்கை தவறிவிடாமல்.

ஒரு மாதம் கழித்துப் பதில்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் மோனிஷாவின் தாளைப் பார்த்தேன். கவலையை யாரிடம் சொல்வாய் என்ற கேள்வியில் அம்மா, அப்பா, தோழி, டீச்சர் எல்லாரையும் விட்டுவிட்டு ‘மற்றவர்’ என்பதற்கு டிக் அடித்திருந்தாள். பக்கத்தில் பென்சிலால் ‘நீங்க’ என்று எழுதியிருந்தாள். கணினியில் மற்றவருக்கு எண் ஐந்து. ஐந்தைத் தட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

வைவா தேர்வில் பேராசிரியர் அட்டவணைமேல் விரல் வைத்தார். “இருநூறு பேர்ல ஒரே ஒரு பொண்ணு. யாரும்மா இந்த மற்றவர்?”

“தெரியல சார்.”