இரவுக் குளிசையின் படம்

"ராக் குளிசையை நீங்கள் போடேல்லை, அம்மா. இப்பிடிப் பிரஷர் ஏறினா கைகாலை இழுத்துப் போடும்!"

"போட்டேனே தம்பி. நீங்க படத்துல காட்டுன மாதிரியேதான்" என்றார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறி வயல் வேலை செய்யும் வடிவம்மா.

மருந்து கொடுக்கும் சிவகரனுக்குப் பிரஷர் இல்லாமலே தலை சுற்றியது. அக்கராயன் கிராமத்தில் அந்த மருந்துக் கொட்டிலுக்கு வரும், எழுத்து வாசனையில்லாத சனத்துக்காக அவனே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த முறை அது. குளிசைப் பையில் சூரியன் படம் கீறியிருந்தால் காலை. பிறை கீறியிருந்தால் இரவு. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"பிறை கீறின பையில முப்பதுக்கு ஒண்டுதானே குறைஞ்சிருக்கு!"

"மூணாம் பிறை அன்னைக்குப் போட்டேன். அடுத்த பிறைக்கு இன்னும் நாள் கிடக்கே?"

சிவகரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறையை அழித்துவிட்டுப் போத்தல் விளக்கொன்றைக் கீறினான். விளக்கு எரிந்தால் இரவு. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. இந்த முறை ஒரு குளிசைகூடக் குறையவில்லை.

"விளக்குக் கொளுத்துறப்போ போடணும்னு படம். மண்ணெண்ணெய்க்கு எங்க போக? எங்க வீட்டுல விளக்கு எரிஞ்சு ஒரு மாசமாச்சு தம்பி."

சிவகரன் விளக்கையும் அழித்தான். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் அவன் வீட்டிலுந்தான் எரியவில்லை.

பென்சிலும் கையுமாகக் குழம்பினான். சூரியனைக் கறுப்பாக்கினால்? கிரகணமென்று விரதம் இருப்பார். பாயைக் கீறினால்? பகலில் கண்ணயரச் சரிந்தாலும் ஒன்றைப் போடுவார். நுளம்பு? அது எந்த நேரமும் கடிக்கிறது.

"நீங்களே சொல்லுங்கோ அம்மா. என்னத்தைக் கீறினா ராவெண்டு உங்களுக்கு விளங்கும்?"

வடிவம்மா தயங்கினார். பிறகு பென்சிலை மெதுவாக வாங்கி, பையில் முத்து முத்தாக எழுதினார்: 'இரவில் ஒரு குளிசை.'

சிவகரன் அதை இரண்டுமுறை வாசித்தான். "உங்களுக்கு... எழுதத் தெரியுமோ?"

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பதினாலு வருசம் டீச்சரா இருந்தேன் தம்பி."

வரிசையில் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குத்தான் எழுத வராதுன்னு நெனச்சேன். கேட்டா மனசு நோகுமேன்னு பேசாம இருந்துட்டேன். ஞாயித்துக்கெழம வீட்டுப் பக்கம் வாங்க, யாருக்கும் தெரியாம சொல்லித் தர்றேன்."