அறுபத்து மூன்றாம் எண்

ஓமலூருக்கு மேற்கே மாரக்காளின் தென்னந்தோப்பில் காலை வெயில் கீற்றுக்கிடையே சிதறி விழுகிறது. ராணுவத் தளவாடக் கிடங்குக்கு நிலம் அளக்க வந்தவர் மரத்துக்கு மரம் சிவப்புப் பெயின்ட்டில் எண் போடுகிறார். ஈரம் காயாமல் பட்டையில் வழிகிறது. மாரக்காள் அவர் பின்னாலேயே நடக்கிறாள். கண் அந்தப் பிரஷ்ஷை விட்டு அகலவில்லை. "கட்டடமெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கந்தானுங்கம்மா. உங்க காட்டுக்கு வராதுங்க," என்கிறார். "வராததுக்கு எதுக்குங்க நெம்பரு?" "சும்மா கணக்குக்குங்க." அறுபத்திரண்டாவது மரத்தோடு தோப்பு முடிகிறது. அவர் தண்ணீர் கேட்கிறார். கிணற்று மோட்டாரைப் போட்டுச் சொம்பில் பிடித்துத் தருகிறாள். அண்ணாந்து குடித்து, "எளநியாட்ட இருக்குதுங்க," என்று வாயைத் துடைக்கிறார். சொம்பைத் திருப்பிக் கொடுத்த கையோடு, கிணற்றுச் சுவரில் அறுபத்து மூன்று என்று எழுதுகிறார்.