மாட்டெலும்பு

மருந்துக் கேப்சூலின் மேல்கூடு செய்ய மாட்டெலும்பு காய்ச்சும் ஆலையில் எலும்பு மூட்டை சரிந்து விழுந்து எபினேசரின் கால் முறிந்தது. எலும்பு கூடட்டும் என்று அவன் மனைவி ஸ்டெல்லா மாட்டெலும்பு சூப் வைத்தாள். வாசனை பிடித்து மாடியேறி வந்த வீட்டு உரிமையாளர் வரதராஜன், இறக்கி வைத்திருந்த சட்டியை எட்டி உதைத்தார். “மாட்டெலும்பு வேக வைக்க என் வீடுதான் கெடச்சுதா? இன்னிக்கே காலி பண்ணணும்!” கத்தியதில் நெஞ்சு எரிய, சட்டைப்பையிலிருந்த கேப்சூலை வாயில் போட்டார். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினார். ஸ்டெல்லா டம்ளரை நீட்டினாள். வாங்க வந்த கை பாதியில் நின்றுவிட்டது. தரையெல்லாம் சூப் ஓடிக்கொண்டிருந்தது. “என்ன சார் யோசனை? உங்க தொண்டையில நிக்கிறதும் எம் புருஷன் தூக்கின எலும்புதான். முழுங்குங்க. இல்ல, துப்புங்க.”